யிட்ரியம் ஆக்சைடு பீங்கான் எதற்குப் பயன்படுகிறது? பல்லுக்கு மேல் மாட்டும் உறையான கிரவுனில் இருப்பதும் அதுதானா?

யிட்ரியம் உலோகமும் ஆக்சிஜனும் சேர்ந்த வெள்ளைத் தூள்தான் யிட்ரியம் ஆக்சைடு. அழுத்திச் சுட்டால் பீங்கான். உருக 2,400 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஆக்சிஜனை உடும்புப்பிடியாகப் பிடித்திருப்பதுதான் அதன் பலம். உருகிய டைட்டானியம், உலோகம் உருக்கும் பாத்திரமான சாதாரண மூசையிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக் கெட்டுப்போகும். யிட்ரியம் ஆக்சைடு மூசையிடம் அந்த வேலை அவ்வளவாக நடக்காது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நாம் வைக்கும் புளி போட்ட மீன் குழம்பு அலுமினியச் சட்டியை அரிக்கும், மண்சட்டியை விட்டுவிடும், அந்த மாதிரி. சிப் தொழிற்சாலைகளில் பிளாஸ்மா எனும் மின்னேற்ற வாயு இயங்கும் அறையின் உட்சுவரிலும் இதைப் பூசுகிறார்கள்.

சரி, டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிப் பல் மருத்துவர் சொல்லும் சிர்கோனியா கிரவுன்? அது வேறு பொருள், சிர்கோனியம் உலோகத்தின் ஆக்சைடு. தனி சிர்கோனியா சுட்டு ஆறும்போது படிகம் உருமாறிப் பருத்து விரிசல் விடும். கொஞ்சம் யிட்ரியம் ஆக்சைடு கலந்தால் நிலைத்து நிற்கும்.

“யிட்ரியம் உலோகமாச்சே, துருப்பிடிக்காதா?” என்பார்கள். ஆக்சிஜனோடு ஏற்கெனவே முழுதாகச் சேர்ந்துவிட்ட பொருள் யிட்ரியம் ஆக்சைடு. இனித் துருப்பிடிக்க அதில் ஒன்றுமில்லை.