தண்டனை வேறு, சிறையடைப்பு வேறு

வணக்கம் ஐயா. முன்னாள் அதிபர் ஒருவர் ஆண்டு முடிவதற்குள் சிறை செல்வாரா என்ற கணிப்புச் சந்தையில் (ஒன்று நடக்குமா, நடக்காதா என்று பணம் கட்டும் இடம்) 70 சென்ட் விலைக்கு ‘ஆம்’ பங்குகள் வாங்கியதாகவும், தண்டனை அறிவிக்கப்பட்டும் பணம் வரவில்லை என்றும், விலை ஏறுவதால் மேலும் வாங்கலாமா என்றும் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வாங்காதீர்கள், முதலில் அந்தச் சந்தையின் தீர்வு விதியை, அதாவது எது நடந்தால் ‘ஆம்’ வென்றதாகும் என்று சொல்லும் விதியை, வரி விடாமல் படியுங்கள்.

நம் தென்னாப்பிரிக்காவிலேயே, அரசியலமைப்பு நீதிமன்றம் 2021 ஜூன் 29 அன்று முன்னாள் அதிபர் ஜேக்கப் ஜூமாவுக்கு 15 மாதச் சிறை விதித்தது. அதற்கு மேல் முறையீடு செய்ய வேறு நீதிமன்றமே இல்லாதபோதும், அவர் எஸ்ட்கோர்ட் சிறைக்குள் சென்றது ஜூலை 8 அதிகாலையில்தான். ஜூன் முடிவதற்குள் சிறை என்று பணம் கட்டியவர், தீர்ப்பைச் சரியாகக் கணித்தும் தோற்றிருப்பார். செப்டம்பரில் அவர் மருத்துவப் பரோலில் வெளியே வந்தார். அது செல்லாதென்று தீர்ப்பான பின், 2023 ஆகஸ்ட் 11 அன்று அதே சிறைக்குத் திரும்பியவர், தண்டனைக் குறைப்பின் கீழ் அன்றே விடுவிக்கப்பட்டார். இப்படிப்பட்ட வருகையைச் சிறைவாசமாகக் கொள்வதா என்பதையும் விதியின் சொற்கள்தாம் தீர்மானிக்கும்.

உங்கள் விதியில் ‘சிறையில் அடைக்கப்பட்டால்’ என்றிருந்தால், மேல்முறையீடு முடியும்வரை பிணை உண்டா என்று பாருங்கள். பிணை உண்டென்றால், இன்றைய விலையில் பாதியையாவது விற்றுவிடுங்கள்.