உழவாரப்பணியை விட்டதால் வந்த நோயா இது?

சாமி குத்தம் எதுவும் இல்லையம்மா. முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள்.

பதினொரு வருடம் கோயிலைச் சுத்தம் செய்யும் உழவாரப்பணிக்கும் அன்னதானத்துக்கும் தவறாமல் போனவர், நான்கு மாதமாகப் போகவில்லை, அதனால்தான் உடம்பு கெட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் விடிகாலை 3 மணிக்கே விழிப்பு தட்டியதும், சோறு இறங்காமல் போனதும் மார்கழியிலேயே தொடங்கிவிட்டன. பணியை நிறுத்தியது தை கடைசியில். நோய்தான் முதலில் வந்தது. அதுதான் உங்களை வீட்டில் உட்கார வைத்தது.

சேவையை விட்டால் ஆயுள் குறையும் என்று யூடியூபில் காட்டிய அமெரிக்க ஆய்வு 2016-ல் வெளியானது. ஏறத்தாழ 74,500 செவிலியர்களை 16 வருடம் கவனித்தார்கள். வழிபாட்டுக்கே போகாதவர்களைவிட, வாரத்தில் ஒரு முறைக்கு மேல் போனவர்களிடம் இறப்பு 33 சதவீதம் குறைவு. பேச நாலு பேர் இருந்ததும், புகைப்பழக்கம் குறைவாக இருந்ததும் அதில் முக்கியக் காரணங்கள். உடம்புக்கு முடியாமல் நாலு மாதம் போகாதவர் செத்துப்போவார் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. வயதானவர்களை இப்படிப் பயமுறுத்துகிறவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது.

நீங்கள் எழுதியிருக்கும் ஏப்பம், முடி கொட்டுவது, 138/84 ரத்த அழுத்தம் எல்லாம் இப்போதைக்கு இருக்கட்டும்.

"நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்?" பேச்சோடு பேச்சாக எழுதிவிட்ட இந்த ஒரு வரியை என்னால் தாண்ட முடியவில்லை. ஆசையாகச் செய்த வேலையில் பிடிப்பு போனது, விடிகாலை விழிப்பு, 4 கிலோ எடை இறக்கம், கூடவே இந்த எண்ணம். மனச்சோர்வு நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சிகிச்சையால் தேறக்கூடியது. இந்த வரியை மகளிடம் அப்படியே படித்துக் காட்டுங்கள். இந்த வாரமே மனநல மருத்துவரைப் பாருங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம். எடை இறங்கியிருப்பதால் சர்க்கரை, தைராய்டு, ரத்தசோகை பரிசோதனைகளும் வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றினாலும் தனியாக இருக்காதீர்கள். அந்த நேரமே அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழையுங்கள். இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

அடுத்தது, கணவருக்கு எழுதிய தூக்க மாத்திரையை இரண்டு மாதமாக நீங்கள் போடுவது. 66 வயதில் அது தடுமாறி விழ வைக்கலாம், இடுப்பெலும்பு முறியலாம். யாரைக் கேட்டுப் போட்டீர்கள்? இனி அளவைக் கூட்டவும் வேண்டாம், சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். அட்டைகளை மகளிடம் கொடுத்துவையுங்கள், டாக்டரிடம் அவர் எடுத்து வரட்டும்.

உழவாரக் குழுவில் உங்களுக்கு நெருக்கமானவர் யாரையாவது வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். துடைப்பம் பிடிக்கத் தெம்பு வரும்வரை, அன்னதானத்துக்குக் காய் நறுக்குகிற இடத்தில் ஒரு மணி நேரம் அவர்களோடு போய் உட்கார்ந்தால் போதும்.