முழங்காலுக்குப் பின்புறம்

அன்புள்ள ஐயா,

நடந்தால் அப்பாவுக்குக் கெண்டைக்கால் இறுகி வலிக்கிறது. தொடைத் தமனியில் அடைப்பு, ஸ்டென்ட் என்ற கம்பிவலைக் குழாய் வைக்கலாம் என்கிறார்கள். அதைப் பன்றியின் காலில் வைத்துச் சோதிப்பார்களாம். மனுநீதிச் சோழனின் ஊர்க்காரனான எனக்கு உறுத்துகிறது. இது பாவமில்லையா? அப்பா பீடியை மட்டும் விடமாட்டேன் என்கிறார்.

வாசகர், திருவாரூர்

அன்புள்ள தம்பி,

பாவ புண்ணியக் கணக்கு என் கையில் இல்லை. விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960 முதல் இருக்கிறது என்பதோடு அதை விடுகிறேன். ஆனால் பன்றிக்காக இவ்வளவு உருகும் நீங்கள், அப்பாவின் காலை அரிக்கும் பீடியைக் கடைசி வரியில் தள்ளியிருக்கிறீர்களே, அதற்கு உங்களைத் திட்டத்தான் வேண்டும்.

என்னை நெடுநாளாக உறுத்துவது வேறு. உலோகம் உள்ளே போனால் ரத்தம் உறைகிறதா, தமனியின் உட்சுவர் எவ்வளவு தடிக்கிறது என்பதைப் பன்றி சொல்லிவிடும். பெரும்பாலும் 28ஆம் நாளிலேயே பார்த்துவிடுவார்கள். ஆனால் அது இளம் விலங்கு, அதன் தமனியில் சுண்ணாம்பேறிய அடைப்பு இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அது மடைக்கருகில் குத்துக்காலிட்டு உட்காராது. 1969இல் சார்லஸ் டாட்டர் என்ற அமெரிக்க மருத்துவர் கம்பிச்சுருளை வைத்துப் பார்த்தது நாயின் முழங்காலுக்குப் பின்புறத் தமனியில். நாய்க்கும் சம்மணம் தெரியாது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் சடலங்களின் கால்களை மடக்கி அளந்தவர்கள், நடையைவிட உட்கார்கையிலும், அதைவிடத் தோட்ட வேலைக்குக் குந்துகையிலும் தமனி அதிகமாகச் சுருங்கி வளைவதைக் கண்டார்கள். அவர்களுக்குத் தோட்ட வேலை என்பது நமக்கு அன்றாட இருக்கை. ஸ்டென்ட் வைத்த 121 கால்களை ஜெர்மன் மருத்துவர்கள் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து 2005இல் எழுதினார்கள்: 45இல் கம்பி முறிந்திருந்தது. நாற்காலியில் உட்காரும் நாட்டின் கணக்கு அது.

என் பெரியப்பா வெண்ணாற்றங்கரையில் நடக்கும்போது, இருநூறு அடிக்கொரு தரம் நின்று அடுத்தவர் வயலில் கதிர் முற்றிவிட்டதா என்று உற்றுப் பார்ப்பார். கால் வலியை மறைக்கத்தான் அந்த நாடகம் என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஒரு மருத்துவமனையில் ஸ்டென்ட் வைத்தார்கள். நீங்கள் எப்படி உட்காருவீர்கள் என்று ஒருவர்கூட அவரைக் கேட்கவில்லை. வீடு திரும்பிய மறு வாரமே மதகடியில் குந்திச் சேற்றை அள்ளிக்கொண்டிருந்தார். வலி திரும்பியபோது எடுத்த படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்: மூங்கில் மீன்பறியைச் சுண்டுவிரலளவாக்கியதுபோல ஒரு வலை, நடுவே ஒடிந்து இரண்டாக நின்றது.

ஆகவே டாக்டரிடம் பன்றியைப் பற்றிக் கேட்க வேண்டாம். ஸ்டென்ட் தொடையின் நடுவில் நிற்குமா, முழங்கால் மடிப்புவரை இறங்குமா என்று கேளுங்கள். பீடியை நிறுத்தி, வலிக்கும்வரை நடந்து, நின்று, மீண்டும் நடக்கும் பயிற்சியைச் சில மாதம் செய்து பார்க்கலாமா என்றும் கேளுங்கள். அப்பா எப்படி உட்காருவார் என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.