நேசித்த மாயாஜால நாவலை அனிமேஷன் படமாகப் பார்த்தபோது ஏமாற்றமாக இருந்ததா? எதை முதலில் அணுகுவது நல்லது?

ஏமாற்றம் இருந்தது, வியப்பு அதைவிட அதிகமாக இருந்தது. டயானா வின் ஜோன்ஸ் 1986இல் எழுதிய 'ஹவ்ல்ஸ் மூவிங் காசில்' நாவலையும், அதைத் தழுவி ஹயாவோ மியாசாகி இயக்கத்தில் ஸ்டுடியோ ஜிப்லி 2004இல் உருவாக்கிய படத்தையும் வைத்தே இதைச் சொல்கிறேன். தொப்பிக் கடையில் வேலை பார்க்கும் சோஃபி என்ற இளம்பெண்ணை ஒரு சூனியக்காரி சாபமிட்டுக் கிழவியாக்கிவிட, அவள் வீட்டைவிட்டுக் கிளம்பி, ஹவ்ல் என்னும் மந்திரவாதியின் நடமாடும் கோட்டைக்குள் புகுந்து வேலைக்காரியாகத் தங்கிவிடுகிறாள். இதுவரை இரண்டும் ஒன்றுதான்.

நாவலில் என்னைக் கட்டிப்போட்டது சோஃபியின் பேச்சு. கடையில் தனியாக உட்கார்ந்து தொப்பிகளை அலங்கரிக்கும்போது அவற்றோடு பேசிக்கொண்டே இருப்பாள். பெரிய இடத்து மனிதர் ஒருவர் உன்மேல் காதல் கொள்வார் என்று ஒரு தொப்பியிடம் சொல்லி வைப்பாள். அதை வாங்கிய பெண் ஒரு பிரபுவோடு ஊரைவிட்டே போய்விடுவாள். தன் வாய்ச்சொல்லுக்கு உயிர் கொடுக்கும் ஆற்றல் இருப்பது சோஃபிக்கே தெரியாது. வாசகர்தான் முதலில் ஊகிக்கிறார். கைத்தடியும் சோளக்கொல்லைப் பொம்மையும் அவள் பேச்சினால்தான் உயிர்பெறுகின்றன. இறுதியில் நெருப்புப் பூதமான கால்சிஃபரை அவள் காப்பாற்றுவதும் பேசித்தான். படத்தில் இந்த ஆற்றல் வெளிப்படையாக எங்குமே வருவதில்லை. என் ஏமாற்றம் முழுவதும் இந்த ஓரிடத்தில்தான் இருக்கிறது.

ஆனால், எழுத்தால் எளிதில் செய்ய முடியாத ஒன்றைப் படம் செய்திருக்கிறது. சாபத்தை நீக்கத் தான் ரகசியமாக முயன்றும் பலிக்கவில்லை என்றும், கிழவி வேஷம் சோஃபிக்கே பிடித்திருக்கிறது போலும் என்றும் நாவலில் ஹவ்ல் ஒருமுறை சொல்வான். வசனமாக வந்துபோகும் அந்த உண்மையை மியாசாகி அவள் முகத்திலேயே எழுதிக் காட்டுகிறார். தூங்கும்போது அவள் இளம்பெண்ணாகத் தெரிகிறாள். அரண்மனையில் ஹவ்லுக்காக வாதாடத் தொடங்கும்போது, கூன் நிமிர்ந்து, சுருக்கங்கள் மறைந்து, குரலிலும் இளமை திரும்பிவிடுகிறது. நீ அவனைக் காதலிக்கிறாய் என்று எதிரே இருப்பவர் சொன்ன அந்த நொடியில், கூச்சம் தாங்காமல் மறுபடியும் கிழவியாகிவிடுகிறாள். எந்த விளக்கமும் இல்லாத அந்தக் காட்சி, நாவலைப் பலமுறை படித்திருந்த எனக்கே சோஃபியைப் புதிதாக அறிமுகப்படுத்தியது.

போரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாவலில் போர் தொலைவில் கேட்கும் பேச்சு மட்டுமே; ஈராக் போரின் மீது கோபம் கொண்டிருந்த மியாசாகி அதைப் படத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்தார். கோட்டையின் கதவைப் பாருங்கள். கைப்பிடியைத் திருப்பும் நிறத்துக்கேற்ப அது வெவ்வேறு ஊர்களில் திறக்கும். கறுப்புப் பக்கம் நாவலில் நம் உலகத்து வேல்ஸ் நாட்டில் இருக்கும் ஹவ்லின் சொந்தக் குடும்பத்துக்குக் கொண்டுபோகும். படத்திலோ அதே கறுப்பு, குண்டுகள் விழுந்து எரியும் இருட்டுக்குள் திறக்கிறது. நாவலின் நகைச்சுவையில் பாதி இதனால் போய்விட்டது உண்மைதான். என்றாலும், பறவை உருவெடுத்துப் போருக்குள் பறந்து, ஒவ்வொரு முறையும் மனித உருவுக்குத் திரும்புவது கடினமாகிக்கொண்டே வரும் அந்த ஹவ்லை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஜோ ஹிசாயிஷியின் வால்ட்ஸ் இசை அவனுக்காகவே அமைந்தது போலிருக்கிறது.

நாவலை முதலில் படிப்பதே நல்லது என்பது என் கருத்து. படத்தின் கடைசிப் பகுதி மிக வேகமாக ஓடுகிறது. சோளக்கொல்லைப் பொம்மை யார், ஹவ்லின் இதயத்துக்கும் கால்சிஃபருக்கும் என்ன ஒப்பந்தம் என்பவையெல்லாம் அவசர அவசரமாக முடிகின்றன. படத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டவர்கள் நாவலின் முதல் அத்தியாயத்தை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள். சோஃபி தொப்பிகளோடு பேசுவது அங்கேயே தொடங்கிவிடுகிறது.