வாசகர் கேள்வி - பதில்: கிராபிக்ஸ் கார்டும் அதன் சூடும்

என்னிடம் 1440பி மானிட்டர் இருக்கிறது. ஐந்தாறு வருடம் கவலையில்லாமல் விளையாட ஆர்டிஎக்ஸ் 5090 வாங்கிவிடலாமா? – கோவை வாசகர்

வேண்டாம். உங்கள் மானிட்டரில் 2560×1440, அதாவது சுமார் 36.9 லட்சம் புள்ளிகள். 4கே மானிட்டரில் 82.9 லட்சம். ஒவ்வொரு காட்சிக்கும் அங்கே இரண்டே கால் மடங்கு வேலை. 5090 அந்த வேலைக்கான கார்டு. 1440பியில் பல விளையாட்டுகளில் பிராசஸர்தான் முதலில் மூச்சு வாங்கும். கார்டு அதற்காகக் காத்திருக்கும்.

உங்களுக்குப் பொருந்துபவை ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ அல்லது ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி. இரண்டிலும் 16 ஜிபி மெமரி. முழு ஓட்டத்தில் முன்னது 300 வாட், பின்னது 304 வாட். 5090 இழுப்பது 575 வாட். ரே டிரேசிங்கை (ஒளியும் நிழலும் நிஜம்போல் விழக் கணக்கிடும் வசதி) அதிகம் பயன்படுத்துவீர்கள் என்றால் 5070 டிஐ பக்கம் சாயலாம். விலை வித்தியாசம் பெரிதாக இருந்து, ரே டிரேசிங்கும் முக்கியமில்லை என்றால் 9070 எக்ஸ்டி. ஐந்தாறு வருடக் கணக்கு என்பதால் 12 ஜிபி கார்டுகளை நான் சொல்லமாட்டேன். மெமரி நிரம்பினால் சராசரி வேகம் நன்றாகவே தெரியும், ஆனால் ஆட்டம் திக்கித் திக்கி நகரும். அமைப்புகளைக் குறைப்பதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.

ஒரே சிப்பை நாலைந்து நிறுவனங்கள் வெவ்வேறு பெயரில் விற்கும். தொழிற்சாலையிலேயே வேகம் கூட்டிய மாடலுக்கு அதிகப் பணம் கொடுத்தால் கிடைப்பது இரண்டு மூன்று சதவீதம்தான். அந்தப் பணத்துக்குப் பெரிய ஹீட்சிங்க் (சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோக அடுக்கு) கிடைக்கிறதா, வாரண்டி எத்தனை வருடம், சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் என்று பாருங்கள்.

கடைக்குப் போகும் முன் டேப்பை எடுத்து கேபினட்டை அளந்துவிடுங்கள். பின்பக்கத் தகட்டிலிருந்து முன்பக்கம் வரை உள்ள நீளத்தில், முன் ஃபேனுக்கு 25 மி.மீ. கழியுங்கள். அங்கே வாட்டர் கூலிங்கின் ரேடியேட்டரும் இருந்தால் மொத்தம் 52 மி.மீ. அளவு போகும். இன்றைய பெரிய கார்டுகள் 330 மி.மீ.யைத் தாண்டுகின்றன. நீளத்தை எல்லோரும் பார்க்கிறார்கள், அகலத்தை மறந்துவிடுகிறார்கள். கார்டின் மேல் விளிம்புக்கும் பக்கக் கண்ணாடிக்கும் இடையே பவர் கேபிள் வளையாமல் நிற்க 35 மி.மீ.யாவது வேண்டும். அது ஏன் என்பது கீழே மூன்றாவது பதிலில் இருக்கிறது.

ஆர்டிஎக்ஸ் 4080 வைத்திருக்கிறேன். டிசம்பரில் 70 டிகிரியில் நின்றது, மே மாதம் 84 வரை போகிறது. ஃபேன் சத்தம் தாங்கவில்லை. கார்டு பழுதாகிவிட்டதா? – மதுரை வாசகர்

பெரும்பாலும் இல்லை. கார்டின் வெப்பநிலையை அறையின் வெப்பநிலையோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். அறை 25 டிகிரியில் இருக்கும்போது கார்டு 70 என்றால், அறையைவிட 45 டிகிரி அதிகம். அறை 38 ஆனால் அதே 45ஐக் கூட்டுங்கள்: 83. உங்கள் கணக்கு ஏறக்குறைய அப்படியே வருகிறது. இந்தக் கார்டின் உச்ச வரம்பு 90 டிகிரி. அதை நெருங்கினால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆபத்து இல்லை, ஆனால் சத்தத்தைக் குறைக்க நிறைய செய்யலாம்.

முதலில் ஒரு சோதனை. ஒரே விளையாட்டின் ஒரே இடத்தில் 20 நிமிடம் ஓட்டி வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு மறுபடி 20 நிமிடம். ஐந்து டிகிரி அல்லது அதற்கு மேல் இறங்கினால் குற்றம் கேபினட்டின் காற்றோட்டத்தில். ஒன்று இரண்டுதான் இறங்குகிறது என்றால் கார்டைப் பார்க்க வேண்டும்.

கேபினட் என்றால்: முன்பக்கம் கண்ணாடியோ மூடிய தகடோ இருந்தால் எத்தனை ஃபேன் வைத்தும் பயனில்லை. வலை முகப்பு வேண்டும். முன்னால் உள்ளே இழுக்க 140 மி.மீ. ஃபேன் இரண்டு அல்லது 120 மி.மீ. மூன்று, பின்னால் வெளியே தள்ள ஒன்று. மேலே வைப்பதாக இருந்தால் பின் மூலையில் ஒன்று போதும். மேல் முன் மூலையில் வெளித்தள்ளும் ஃபேன் வைத்தால், முன்னால் வந்த குளிர்ந்த காற்று கார்டுக்குப் போகும் முன்பே வெளியேறிவிடும். உள்ளே வருவது வெளியே போவதைவிடச் சற்று அதிகமாக இருக்கட்டும். இடுக்கு வழியாகத் தூசி உறிஞ்சப்படாது. நம் ஊர்த் தூசிக்கு ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றித் தட்டுங்கள். ஹீட்சிங்கை ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அது சுழன்றால் பேரிங் கெடும். மேசையின் மூடிய அறைக்குள் கேபினட் இருந்தால் இவை எதுவும் உதவாது. வெளியே வந்த சூடான காற்றையே அது திரும்ப இழுக்கும். சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளித் திறந்த இடத்தில் வையுங்கள்.

கார்டு என்றால், ஹெச்டபிள்யூ இன்ஃபோ மென்பொருளில் ஜிபியு (கார்டின் முக்கிய சிப்) வெப்பநிலையையும் ஹாட்ஸ்பாட் (அந்தச் சிப்பில் மிகச் சூடான இடம்) வெப்பநிலையையும் ஒப்பிடுங்கள். 10, 15 டிகிரி வித்தியாசம் இயல்பு. 25ஐத் தாண்டினால், சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே பூசிய தெர்மல் பேஸ்ட் ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டது என்று கொள்ளலாம். சிப் சூடாகி விரிந்து ஆறிச் சுருங்கும் ஒவ்வொரு முறையும் பேஸ்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே பிதுக்கும். அதனால் மீண்டும் சாதாரண பேஸ்ட் பூசுவதைவிட பிடிஎம் 7950 தாள் மேல். அறை வெப்பத்தில் கெட்டியாக இருக்கும், 45 டிகிரிக்கு மேல் இளகிப் பரவும், எளிதில் பிதுங்காது. ஒரு எச்சரிக்கை: மெமரி சிப்களின் மேல் உள்ள தெர்மல் பேடுகள் கிழிந்தால் அதே தடிமனில்தான் மாற்ற வேண்டும். அரை மி.மீ. கூடினாலும் ஹீட்சிங்க் தூக்கிக்கொண்டு நிற்கும், நடுவில் உள்ள சிப்பைச் சரியாகத் தொடாது. வாரண்டி முடியாதவர்கள் கார்டைத் திறக்கும் முன் நிறுவனத்தின் விதிமுறையைப் படித்துவிடுங்கள்.

இவற்றையெல்லாம்விட அதிகப் பலன் தருவதும், காசு செலவில்லாததும் வோல்டேஜைக் குறைப்பதுதான். மின்செலவு வோல்டேஜின் இருமடிப்படி ஏறும். 1.05 வோல்ட்டை 0.95 ஆக்கினால் அதில் மட்டும் சிப்பின் செலவு சுமார் 18 சதவீதம் குறைகிறது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளைத் திறந்து, கோர் கிளாக்கை (சிப்பின் வேகம்) -200 என்று இறக்கி அப்ளை கொடுங்கள். கன்ட்ரோல், எஃப் விசைகளை அழுத்தினால் எந்த வோல்டேஜில் எவ்வளவு வேகம் என்று காட்டும் வளைகோடு திறக்கும். 950 மில்லிவோல்ட் புள்ளியைப் பிடித்து 2600 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தி மறுபடி அப்ளை. அதற்கு வலப்புறம் கோடு தட்டையாகிவிடும். கார்டு அந்த வோல்டேஜைத் தாண்டாது. பிறகு ரே டிரேசிங் உள்ள விளையாட்டை ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். ஐந்து நிமிட பெஞ்ச்மார்க்கை நம்பாதீர்கள். விளையாட்டு தானாக மூடிக்கொண்டாலோ திரை ஒரு கணம் கறுத்து டிரைவர் விழுந்தாலோ 25 மில்லிவோல்ட் கூட்டுங்கள், அல்லது 30 மெகாஹெர்ட்ஸ் குறையுங்கள். ஒரே சிப் என்றாலும் கார்டுக்குக் கார்டு தாங்கும் அளவு மாறும், எனவே அடுத்தவர் எண்ணை அப்படியே போடாதீர்கள். இது சிரமமாகத் தோன்றினால் பவர் லிமிட்டை 80 சதவீதத்தில் வைத்துவிடுங்கள். வேகத்தில் இழப்பது மிகக் கொஞ்சம், ஃபேன் அடங்கிவிடும்.

புதிய கார்டுகளில் பவர் கனெக்டர் உருகிவிடுகிறதாமே, உண்மையா? – திருச்சி வாசகி

உண்மை. 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 வந்த சில வாரங்களிலேயே இந்தச் செய்திகள் தொடங்கின. காரணம் கணக்கில் இருக்கிறது. 5090 இழுக்கும் 575 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 48 ஆம்பியர். ஆறு பின்கள் பகிர்ந்தால் ஒன்றுக்கு 8. ஒரு பின் தாங்குவது 9 ஆம்பியரை ஒட்டியதுதான். இரண்டு பின் சரியாகத் தொடாவிட்டால் மீதி நான்கில் தலா 12 ஓடும், பிளாஸ்டிக் இளகும். பழைய 8 பின் கனெக்டரில் 150 வாட்டுக்கே மூன்று 12 வோல்ட் பின் இருந்ததால் இவ்வளவு நெருக்கடி இல்லை.

எனவே பிளக்கை இடைவெளி கொஞ்சமும் தெரியாதபடி அழுத்திச் செருகுங்கள், டார்ச் அடித்து நான்கு பக்கமும் பாருங்கள். கேபிளைப் பிளக்கின் அருகிலேயே வளைத்தால் சில பின்கள் சரியாகத் தொடாமல் போகலாம். முதல் 35 மி.மீ. நேராகப் போகட்டும், பிறகு வளையுங்கள். அடாப்டர் என்றால் அதன் ஒவ்வொரு 8 பின் தலைக்கும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (பிசிக்கு மின்சாரம் தரும் பெட்டி) தனித்தனி கேபிள். வேறு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளை எடுத்துச் செருகவே கூடாது; கார்டு பக்கம் ஒரே மாதிரி இருந்தாலும் எஸ்எம்பிஎஸ் பக்கம் கம்பி வரிசை மாறும், கார்டு போய்விடும். இந்தக் கனெக்டர் 30 முறை கழற்றி மாட்டுவதற்கே கணக்கிடப்பட்டது, சும்மா கழற்றிப் பார்க்காதீர்கள். பின்னர் வந்த 12வி-2×6 வடிவத்தில் பிளக் முழுதாக ஏறியதா என்று கார்டுக்குச் சொல்லும் உணர்வுப் பின்களைக் குட்டையாக்கினார்கள். அரைகுறையாகச் செருகியிருந்தால் கார்டு ஓடாது. புதிதாக வாங்குபவர்கள் ஏடிஎக்ஸ் 3.1 தரத்து எஸ்எம்பிஎஸ்ஸாகப் பார்த்து வாங்குங்கள்: 5090க்கு 1000 வாட், 5080க்கு 850, 5070 டிஐக்கு 750.

1000 விஏ யுபிஎஸ் இருக்கிறது. 5080 பிசிக்குப் போதுமா? – நாகர்கோவில் வாசகர்

போதாது. 1000 விஏ என்று எழுதியிருந்தாலும் பலவற்றில் 600 வாட்தான் கிடைக்கும். பின்புறச் சீட்டில் வாட் எண்ணைப் பாருங்கள். 5080 மட்டும் 360 வாட், பிராசஸரும் மானிட்டரும் சேர்ந்து 600ஐத் தொட்டுவிடும். 900 வாட்டுக்குக் குறையாமல், ப்யூர் சைன் வேவ் (வீட்டு மின்சாரம் போன்ற சீரான அலை தரும்) யுபிஎஸ் வாங்குங்கள். மற்ற வகையில் மின்சாரம் போகும் நொடியில் சில எஸ்எம்பிஎஸ்கள் அணைந்துவிடுகின்றன.

வாட்டர் கூலிங் போட்டால் என் சின்ன அறையின் சூடு குறையுமா? – சென்னை வாசகர்

குறையாது. சிப் குளிரும், ஃபேன் சத்தம் குறையும். ஆனால் சிப்பிலிருந்து எடுத்த வெப்பத்தை ரேடியேட்டர் அதே அறைக்குள்தான் விடுகிறது. 5090ம் பிராசஸரும் சேர்ந்து 700 வாட் இழுத்தால் அறைக்குள் 700 வாட் வெப்பம். ஒரு டன் ஏசி வெளியேற்றுவது சுமார் 3,500 வாட். ஐந்தில் ஒரு பங்கை உங்கள் பிசியே தின்றுவிடும். சின்ன அறைக்கு 300 வாட் கார்டை வாங்கி, வோல்டேஜைக் குறைத்து, பிரேம் வேகத்தை மானிட்டரின் ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே கட்டி வையுங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் 140.