திறக்க மறுக்கும் ஃபார்ம்

கேள்வி: விஷுவல் ஃபாக்ஸ்புரோ என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் ஒரு ஃபார்மைத் திறந்தால், மெமோ ஃபைல் இல்லை அல்லது செல்லாது என்று வருகிறது. மீட்க வழி உண்டா?

பதில்: ஃபார்ம் சேமிக்கப்படும் எஸ்சிஎக்ஸ் (.scx) ஃைபல் என்பது வேறு பெயரில் உலவும் டேபிள்தான். பிராப்பர்ட்டி, மெத்தட் கோடு எல்லாம் அதன் ஜோடியான எஸ்சிடி (.sct) ஃபைலில் இருக்கும்; மெமோ ஃபைல் என்பது இதுதான். காப்பி எடுக்கும்போது பலரும் எஸ்சிடியை விட்டுவிடுகிறார்கள். அது காணவில்லையென்றால் பேக்கப்பிலிருந்து இரண்டையும் சேர்த்தே எடுங்கள். பழைய எஸ்சிடியைப் புதிய எஸ்சிஎக்ஸோடு ஒட்டவைத்தால், ஒரு பட்டனின் கோடு இருக்கவேண்டிய இடத்தில் வேறெதுவோ வந்து நிற்கும்.

ஃபைல் இருந்தும் ஃபார்ம் முரண்டு பிடித்தால், முதலில் இரண்டுக்கும் நகல் எடுங்கள். பிறகு யூஸ் கட்டளையால் எஸ்சிஎக்ஸை எக்ஸ்குளூசிவாக (வேறு யாரும் திறக்க முடியாதபடி) திறந்து, கம்பைல் ஆன கோடு இருக்கும் ஆப்ஜ்கோடு (ObjCode) ஃபீல்டை மட்டும் எல்லா ரெக்கார்டிலும் காலியாக்கி, மூடிவிட்டு கம்பைல் ஃபார்ம் (COMPILE FORM) கட்டளையைக் கொடுங்கள். மெத்தட்ஸ் ஃபீல்டைத் தொடாதீர்கள், மூலக் கோடு அதில்தான். கிளாஸ்லாக் (ClassLoc) ஃபீல்டில் இடம் மாறிய கிளாஸ் லைப்ரரியின் பழைய பாதை கிடக்கிறதா என்றும் பாருங்கள்.