வாசகர் கேள்வி: ‘புட் ஆஃப்’ ஏன் புரியவில்லை?

கேள்வி: எங்கள் வீட்டில் தங்கி ஆங்கிலம் பயிலும் ஸ்பெயின் நாட்டுப் பெண், மூடுபனியைக் கண்டதும் தொட்டபெட்டா பயணத்தை ‘போஸ்ட்போன்’ செய்யலாம், அதாவது தள்ளிப்போடலாம் என்கிறார், அதே பொருளில் நான் ‘புட் ஆஃப்’ என்றால் விழிக்கிறார். எளிய சொல் அவருக்கு ஏன் கடினமாகிறது?
- ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: எளிமை உங்களுக்குத்தான். ஸ்பானியம் லத்தீன் வழி வந்த மொழி. அதில் ‘போஸ்போனேர்’ என்ற வினை இருப்பதால், ‘போஸ்ட்போன்’ அவருக்குத் தம் வீட்டுச் சொல்லாகவே ஒலிக்கிறது. ‘புட் ஆஃப்’ போன்றவையோ ஆங்கிலத்தின் ஜெர்மானிய வேரில் கிளைத்தவை. மேலும், ஏறுவதற்கு ‘சுபிர்’, வெளியேறுவதற்கு ‘சலிர்’ எனத் திசையை வினைக்குள்ளேயே அடக்கிவிடுவது ஸ்பானிய வழக்கம். ஆங்கிலம் ‘கோ’ என்பதை வைத்துக்கொண்டு ‘அப்’, ‘அவுட்’ என வாலை மட்டும் மாற்றுகிறது. நமக்கும் இத்தகைய புதிர் உண்டு: ‘கைவிடு’ என்பதில் ‘கை’யைத் தனியே, ‘விடு’வைத் தனியே பார்த்தால் பொருள் கிடைக்குமா? ‘கிவ் அப்’பும் அப்படித்தான்.

இத்தகைய ஆங்கிலத் தொடர்களின் நீண்ட பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். அது வீண் வேலை. பயணம் தள்ளிப்போகும் அந்த நேரத்திலேயே ‘புட் இட் ஆஃப்’ என்று சொல்லிக் காட்டுங்கள். ‘இட்’ நடுவில்தான் நிற்கும், ‘புட் ஆஃப் இட்’ என்பது பிழை.